நெருப்புக்கு மட்டம் பார்த்தவர்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் சலாம் சொல்வார். அடுத்ததாகத் தரையைப் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்க, இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போடும்போது இவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாசலிலிருந்து குசினி அடுப்படி வரைக்கும் தரையின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "குசினிப் பக்கம் கொஞ்சம் ஏறி நிக்கிது" என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரருக்கு நித்திரை வராது. என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். அன்றிலிருந்து சட்டியில் குழம்பு ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் என் மனைவி எனக்குத்தான் ஏசுகிறாள்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், இதில் வருகிற மற்றவர்களின் பெயரையும் அதே அளவு தரம் எழுதினாயா என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் அவரை, அண்ணன் முறைக்கு, நானா என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. பாலாவிச் சந்தியில், லொறிகள் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், டைல் கடை வைத்திருந்தார். அதற்கு முன் கட்டாரில் பல வருஷம் டைல் ஒட்டும் வேலை. அவருடைய சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன மட்டம் இருக்கும். மேசன்மார் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணியும் ஒரு காற்றுக் குமிழியும். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம் சரி. மற்ற மனிதர்கள் பேனை வைக்கும் இடத்தில் இவர் அதை வைத்திருந்தார்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். புத்தளத்தில் வாகனம் ஓட்டப் பழக்குகிறவன். பழக வருகிறவர்கள் ஓட்டுவார்கள். நான் இடது பக்கம் இருந்து பயப்படுவேன். என் காலுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. உலகத்தில் எத்தனை பேருக்கு அல்லாஹ் இந்த வசதியைக் கொடுத்திருக்கிறான்? அதை நான் தேவைக்கு அதிகமாகப் பாவிக்கிறேன் என்று ஊரில் ஒரு கதை. மிதிக்கும்போது கத்துவதாகவும் சொல்கிறார்கள். அதை நான் நம்பியதில்லை. தன் குறட்டையை யார்தான் கேட்டிருக்கிறார்கள்?

நானாவின் குணம் தெரிய வேண்டுமென்றால் அவரோடு ஒரு சஹனில் சாப்பிட்டிருக்க வேண்டும். கலியாண வீட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். சோற்றுக்கு மேல் இறைச்சி. அதை ஒருவர் பங்கு வைப்பார். நானா இருந்தால் அது நானாதான், வேறு ஆள் கை வைக்க முடியாது. மற்ற ஐந்து பேரும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கால் கிடைத்தவனுக்குத் தோல் இல்லை. எலும்பு கூடியவனுக்கு உருளைக்கிழங்கு கூட. ஈரல் ஒன்றே ஒன்று என்றால் அதையும் ஆறாகப் பிய்ப்பார். அந்தத் துண்டு பல்லுக்குள் போய்விட்டால் தேடி எடுக்க ஏலாது.

ஒரு தரம் கனமூலைக் கிராமத்தில் ஒரு கலியாணம். நான் அவருக்கு வலது பக்கம் இருந்தேன். எப்போதும் அந்த இடத்தைத்தான் பிடிப்பேன். மெதுவாக அவர் காதில் சொன்னேன்:

"நானா, அந்த நெஞ்சுத் துண்டை இந்தப் பக்கம் தள்ளுங்க. நான் உங்கட ஆள்தானே."

"என்ட ஆள் எண்டதாலதான் உனக்குக் கழுத்து," என்றார் அவர். "மத்தவனுக்குக் கழுத்தைக் குடுத்தா மனசு நோகும். நீ தாங்குவாய்."

கழுத்தைக் கடித்துக்கொண்டே நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். நெருக்கமானவனுக்குத்தானே கழுத்தைக் கொடுக்கலாம்? இந்தக் கணக்கோடு வருஷக்கணக்கில் அவரைச் சுற்றி வந்தேன். எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மனிதர் ஊரில் உள்ள எல்லாக் குமிழியையும் நடுவில் நிறுத்தட்டும். என் விஷயத்தில் மட்டும் ஒரு நெல்லளவு சாயட்டும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆத் தொழுகையும் பகல் சாப்பாடும் முடிந்த பிறகு, கடையின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். டைல் பெட்டிகளுக்கு மேல் ஒரு பலகை, அதைச் சுற்றி நாலு கதிரை. நானா முதலில் பலகைக்கு மட்டம் பார்ப்பார், தேவைப்பட்டால் ஒரு மூலைக்குக் காட்போர்ட் மட்டையை மடித்து வைப்பார். பிறகு விளையாட்டுத் தொடங்கும்.

கட்டாரில் அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் பழகிய விளையாட்டு அது. ஓடுகிற காய் இல்லை, வெட்டுகிற காய் இல்லை, கதைதான். நானா கதையை நடத்துவார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். "குகைக்குள்ள போறீங்க. உள்ளுக்கு என்னமோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார். வெட்டப்போகிறேன் என்றோ ஓடப்போகிறேன் என்றோ நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்று பார்க்க ஓர் இலக்கம் எடுக்க வேண்டும். பெரிய இலக்கம் வந்தால் நடக்கும். சின்னது வந்தால் நாசம்.

என் மனைவியின் தம்பி றியாஸ், வான் ஓட்டுகிறவன், கதையில் வாள்காரன். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வருகிற அந்தோனி, படகு எஞ்சின் திருத்துகிறவர், கதையில் வைத்தியர். நான் மந்திரவாதி. ஆனால் மந்திரம் என்ற சொல்லை நானா கடைக்குள் எடுக்க விடவில்லை. "மந்திரம், சூனியம் எண்டு கதைச்சா நாளைக்குப் பள்ளிவாசல்ல எனக்குத்தான் கேள்வி வரும்" என்றார். ஆகவே மந்திரம் வித்தையாயிற்று, நான் வித்தைக்காரன் ஆனேன்.

இலக்கத்துக்காக உருட்டுகிற கட்டைக்கும் அதே கதிதான். கட்டாரிலிருந்து கொண்டுவந்த இருபது முகக் கட்டை ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய மாமி ஒரு நாள் வட்டிலப்பம் கொண்டுவந்தவர், அது பலகையில் உருளுவதைக் கண்டுவிட்டு, "மருமகன், சூதா ஆடுறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டை இல்லை. நானா ஒரு டைலைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை எழுதி, ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். பார்க்காமல் கையை விட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டும். எடுத்த துண்டைத் திரும்ப டின்னுக்குள் போடக் கூடாது. டின் முழுக்க வெறுமையான பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம்.

"அது ஏன் நானா?" என்று அந்தோனி கேட்டார்.

"ஒரு இலக்கம் நாலு தரம் வர, இன்னொரு இலக்கம் உள்ளுக்கே கிடந்து வேர்க்கிறதா? எல்லாம் ஒரே டைல்ல வெட்டினது. எல்லாத்துக்கும் ஒருக்கா வெளியில வர உரிமை ஈக்கிது."

இலக்கங்களுக்கே நியாயம் பார்த்த மனிதர். அந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான்.

யோசித்துப் பாருங்கள். சின்ன இலக்கங்கள் எல்லாம் முதலில் வெளியே வந்துவிட்டால், டின்னுக்குள் மிச்சம் கிடப்பது பெரியவைதானே? என் வித்தைக்காரனிடம் நெருப்பு உருண்டை என்று ஒரு வித்தை இருந்தது. நல்ல இலக்கத்தோடு வீசினால் ஒரு குகையே சாம்பலாகும். ஆகவே நான் எப்போதும் மற்றவர்களை முன்னால் அனுப்பினேன். "எனக்குப் பயமா ஈக்கிது மச்சான், நீங்க போங்க" என்பேன். அது பொய்யும் இல்லை. இல்லாத குகைக்குள் இல்லாத மிருகம் மூச்சு விட்டாலும், பலகைக்குக் கீழே என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். றியாஸ் மூன்றை எடுப்பான், அடி வாங்குவான். அந்தோனி ஐந்தை எடுப்பார், மருந்துப் பெட்டியோடு குழிக்குள் விழுவார். நான் பயந்துகொண்டே எண்ணிக்கொண்டிருப்பேன். சின்னதெல்லாம் தீர்ந்ததும் எழுந்து நின்று உருண்டையை வீசுவேன். பதினெட்டு! பத்தொன்பது! எங்கும் நெருப்பு.

கரப்பான் பூச்சியை அடிக்க மனைவியைக் கூப்பிடுகிறவன் நான். அப்படிப்பட்டவனுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் இப்படி ஒரு கை கிடைத்தால் விடுவானா?

"மச்சான், எலும்பெல்லாம் நாங்க கடிக்கிறம், ஈரலை நீங்க எடுக்கிறீங்க," என்றான் றியாஸ் ஒரு நாள்.

நான் சிரித்தேன். அந்தோனியும் சிரித்தார். நானா மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்த மட்டத்தை எடுத்துப் பலகையில் வைத்து, குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைப் பற்றி ஒரு கட்டார் கதை இருக்கிறது. அவரே சொன்னது. அவர்கள் இருந்த அறையில் ஆறு கட்டில், ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலடிக் கட்டிலுக்குத்தான் காற்று. நானா போய்ச் சேர்ந்த உடனே, மாதத்துக்கு ஒரு தரம் எல்லாக் கட்டிலும் ஓர் இடம் நகர வேண்டும் என்று முறை வைத்தார். ஒரு மாதம், ஜன்னலடியில் இருந்தவனுக்குக் கடும் காய்ச்சல். முறை வந்தது. நானா அவனைக் கட்டிலோடு தள்ளிக் கதவு மூலைக்குக் கொண்டுபோனார்.

"காய்ச்சக்காரனையா?" என்று அந்தோனி வாயைப் பிளந்தார்.

"அவனுக்குக் காய்ச்சல், மத்தவனுக்கு வேர்வை. ரெண்டும் உடம்புதானே," என்றார் நானா. சொல்லிவிட்டு அவனுக்கு ராப்பகலாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கதையையும் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. அந்தக் கட்டிலில் என்னை வைத்துப் பார்க்கிறேன்.

பிறகு ஒரு பகல். பாடம் முடிந்து, களப்புத் தண்ணிக்கரையோரம் மர நிழலில் காரை நிறுத்தி, அன்றைய பயத்திலிருந்து ஆறிக்கொண்டிருந்தேன். நானா மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வந்து, சாரதிப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஒரு யோசனை கேக்கணும். உன்ட்டத்தான் கேக்கலாம்."

உன்ட்டத்தான்! அந்தச் சொல்லிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன்.

"விளையாட்டில ஒரு ஆள்ட நெருப்புக் கூடிப்போச்சு. மத்த ரெண்டு பேருக்கும் வேலையே இல்ல. கொறைக்கணும். ஆனா அநியாயமாக் கொறைக்கப்படாது. அந்த ஆள் வந்து..."

"ஆளைச் சொல்லத் தேவல்ல நானா," என்று கையை உயர்த்தினேன். "எனக்கு விளங்கிட்டு."

போன வெள்ளிக்கிழமைதான் றியாஸ் கதையில் ஓர் எரிகிற வாளை வென்றிருந்தான். வீசினால் நெருப்புச் சிதறும். அதை வைத்துக்கொண்டு அவன் போட்ட ஆட்டத்தை நான் மறக்கவில்லை. நானா என்னை ஒரு கணம் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"சொல்லு," என்றார்.

சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் யோசித்ததில்லை. "முதலாவது, நெருப்புக்கு ஆள் தெரியப்படாது. வீசினா, கிட்ட நிக்கிற சொந்த ஆளுக்கும் சுடணும்."

"ம்."

"அடுத்தது, நெனச்ச நேரம் வீச ஏலாது. வீசப்போறவன் தானும் முன்னுக்குப் போய், ரெண்டு துண்டு எடுத்து, அடி வாங்கியிருக்கணும். ஒளிச்சிருந்து வீசுறவனுக்கு நெருப்புக் கிடையாது."

"இது நல்லம்," என்றார் நானா. அவருடைய குரல் ஏனோ இறங்கியிருந்தது.

"கடைசியா ஒண்டு. பயந்து வீசினா கையிலயே வெடிக்கணும்."

"பயந்தானா இல்லயா எண்டு எப்பிடித் தெரியும்?"

"கத்தினாப் பயம். வேற என்ன? யா அல்லாஹ் எண்டு கத்தினா..."

"அல்லாஹ்வைக் கூப்பிட்டவனுக்குத் தண்டனையா? தவ்பாச் செய்!"

"சரி, சரி. உம்மாவைக் கூப்பிட்டு 'உம்மோய்' எண்டு கத்தினா. வாயில 'உம்மோய்' வந்திச்சா, நெருப்பு கையிலயே." டாஷ்போர்டில் தட்டித் தட்டி, ஒரு பெரிய ஆலிம் மாதிரி முடித்தேன்: "நானா, பயந்தவன்ட கையில எதையும் குடுக்கப்படாது. குடுத்தா அவன்ட கையிலயே வெடிக்கும்."

நானா அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "பயந்தவன்ட கையில குடுத்தா, கையிலயே வெடிக்கும். நல்ல வசனம்." என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அன்று பின்னேரம் என்னிடம் பழக வந்த பிள்ளை பஸ் ஒன்றுக்கு முன்னால் காரை நிறுத்தியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. நானா பலகைக்கு மட்டம் பார்த்து, தொண்டையைச் செருமினார். "நெருப்புக்குப் புதுச் சட்டம் வந்திருக்கு," என்றார். மூன்றையும் சொன்னார். நான் சொன்னபடியே, ஒரு சொல் பிசகாமல். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு றியாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாடும் என்று காத்திருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது வித்தைக்காரன்ட நெருப்பு உருண்டைக்கு," என்று முடித்தார் நானா.

நான் எழுந்துவிட்டேன். "நானா! நாங்க வாளைப் பத்தித்தானே கதைச்சம்?"

"வாள் எண்டு நான் சொல்லல்லயே. வீசுறது எண்டுதான் கதைச்சம். நீயும் வீசுறாய்தானே?"

"அப்ப இந்த 'உம்மோய்'? நான் எப்ப 'உம்மோய்' எண்டு கத்தினன்?"

அந்தோனி தன் நகங்களைப் பரிசோதித்தார். றியாஸ்தான் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், உங்கட்டப் பழகின எல்லாரும் உங்களை உம்மோய் மாஸ்டர் எண்டுதான் சொல்ற."

அதை அன்றுதான் முதல் தரம் கேட்டேன். என்ன செய்வது? உட்கார்ந்தேன். ரோஷத்தோடு விளையாடினேன். சட்டப்படி முன்னால் போனேன். நாலை எடுத்தேன், அடி வாங்கினேன். இரண்டை எடுத்தேன், இன்னும் அடி. இனி எனக்கு நெருப்பு உரிமை. குகையின் முடிவில் அந்தப் பெரிய மிருகம் எழுந்து நிற்கிறது என்றார் நானா. வாயை இறுக்கி மூடிக்கொண்டு டின்னுக்குள் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சந்தியில் ஒரு சீமெந்து லொறி, எங்கள் சுவரோடு உரசுகிற மாதிரி வந்து, ஹோர்னை அடித்தது.

"உம்மோய்!"

என் கை ஒரு துண்டோடு வெளியே வந்தது.

"இருபது," என்றார் அந்தோனி, சிலுவை போட்டுக்கொண்டு. "ஆண்டவரே, முழுசா வெடிக்கப்போகுது."

வெடித்தது. என் வித்தைக்காரனின் கை போயிற்று. முதலாவது சட்டப்படி பக்கத்தில் நின்ற வைத்தியரும் வாள்காரனும் சேர்ந்து வெந்தார்கள். மிருகத்துக்கு ஒரு மயிரும் கருகவில்லை. றியாஸும் அந்தோனியும் கண்ணில் தண்ணி வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் என் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்க நானா," என்றேன். "நீங்க மட்டம் பாத்தீங்களா, என்னை மட்டந் தட்டினீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. மட்டத்தை எடுத்துப் பலகையில் வைத்து என் பக்கம் தள்ளினார். குமிழி நடுவில், அசையாமல் நின்றது. "இதைப் பாரு. இது சரியா நிக்கிது. கோவம் உன்ட," என்றார்.

"அதுக்கு என்ட வாயாலயே என்னைக் கட்டணுமா? வந்து சொல்லியிருக்கலாமே, உன்ட நெருப்புக் கூடிட்டு எண்டு!"

"சொல்லியிருந்தா நீ இவ்வளவு நல்ல சட்டம் போட்டிருப்பியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வெள்ளிக்கிழமைகள் நான் போகவில்லை. போகவில்லை என்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்க, சந்தியால் இரண்டு மூன்று தரம் காரைக் கொண்டுபோனேன், பழகுகிற பிள்ளைகளுக்கு அந்த வளைவு நல்லது என்று சொல்லிக்கொண்டு. பிறகு ஒரு காலை நானா என் வாசலில் வந்து நின்றார்.

"எனக்குக் கார் ஓட்டப் பழக்கு."

"மோட்டார் சைக்கிள் என்னத்துக்கு ஈக்கிது?"

"மழைக்கு நனையிறன். வயசும் போகுது."

நான் வேறு என்ன நினைப்பேன்? சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஊரில் வேறு பழக்குகிறவர்கள் இல்லையா? என்னைத் தேடி வந்திருக்கிறார். கிழமைக்கு இரண்டு காலை, அவரும் நானும் மட்டும். உப்பளங்களுக்கு நடுவால் போகிற பாதையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், வெள்ளை வெள்ளையாகக் குவிந்த உப்பைத் தாண்டிப் போவோம். அவர் வீதியில் கோடு கீறின மாதிரி ஓட்டினார். முதல் நாளே தன் மட்டத்தை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார். அது வளைவுகளில் சறுக்கிச் சறுக்கி விழுந்தது. அடுத்த நாள் டைல் ஒட்டுகிற பசை கொண்டுவந்து அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டார். என் காரில், என்னைக் கேட்காமல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேட்டுப் பையிலிருந்ததை எடுத்து என் வண்டியில் ஒட்டிவிட்டாரே!

"நானா, குமிழி உங்கட பக்கமே வருது," என்றேன் ஒரு நாள்.

"உன்ட பக்கம் பாரம் கூட. நீ இருந்தா வண்டி அந்தப் பக்கம் பதியிது. குமிழி மேட்டுக்குத்தான் ஏறும்."

ஒரு நாய் குறுக்கே ஓடியது. நான் பிரேக்கை மிதித்தேன். கத்தினேனாம். அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குமிழி ஆடி நிற்கும் வரைக்கும் அதைப் பார்த்துவிட்டு, "நீ எல்லாத்துக்கும் பதறுறாய்டா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் ஒரு முடிவு இருந்தது எனக்குத் தெரியவில்லை.

லைசன்ஸ் கிடைத்த அன்று எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு அத்தர் போத்தல் கொடுத்தார். பழக்கினவன் நான். இருந்தும் மூன்றும் ஒரே போத்தல். றியாஸ் அங்கால் திரும்பிய நேரம் அவனுடைய போத்தலை என்னுடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. பரவாயில்லை, நான் தாங்குவேன், எனக்குத்தானே கழுத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட்ட கை காயும் முன் பாலாவிக்குப் போனேன்.

கடைக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. வாசலில் றியாஸும் அந்தோனியும் நின்றார்கள். றியாஸின் கையில் பால்மா டின்.

"நானா எங்க?"

றியாஸ் தன் போனை எடுத்து, எங்கள் நாலு பேரின் குழுவுக்கு வந்திருந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினான். "எல்லாருக்கும் சலாம். கடை படுத்திட்டு, டைல் வாங்க ஆளில்ல. திரும்பக் கட்டாருக்கு வந்திட்டன். டைல் வேலைக்கு மேற்பார்வை, வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் வேணுமெண்டு கேட்டாங்க. எல்லாரும் துஆச் செய்ங்க." எல்லாரும், எல்லாருக்கும். என்னுடைய பெயர் இல்லை. வேறு யாருடைய பெயரும் இல்லை.

மழைக்கு நனைகிறாராம்.

"ஏர்போட்டுக்கு ஆர் கொண்டுபோன?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றான் றியாஸ்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பழக வாற முன்னுக்கே சொல்லிட்டாரு."

அந்தோனியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார், நானா பார்க்கிற மாதிரி. "எனக்கும் சொன்னவர்தான்," என்றார். "வீட்டில மாமிக்கு இன்னும் தெரியாது எண்டார். கேட்டா விடமாட்டா எண்டு பயம்."

மூன்று பேர். இரண்டு பேருக்குத் தெரியும். ஈரலை ஆறாகப் பிய்த்தவர், காய்ச்சல்காரனைக் கட்டிலோடு நகர்த்தியவர், இலக்கத்துக்கு உரிமை கொடுத்தவர், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் மட்டம் தப்பிப் பங்கு வைத்திருக்கிறார். அது என் விஷயத்தில். நான் கேட்டதும் அதைத்தானே? எனக்கு மட்டும் குமிழி கொஞ்சம் சாயட்டும் என்று. சாய்ந்தது.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல்ல?"

றியாஸ் டின்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். உள்ளே துண்டுகள் கிலுங்கின. "கோவிக்காதீங்க மச்சான். நானும் கேட்ட. நீங்க பதறிக் கத்துவீங்க, ஊரே கூடும், மாமி வாசல்ல வந்து இருந்திருவாங்க, பொறகு போக ஏலாது எண்டாரு." கொஞ்சம் தயங்கினான். "பொறகு உங்கட வசனத்தையே சொன்னாரு."

"என்ட வசனமா?"

"பயந்தவன்ட கையில எதையும் குடுக்கப்படாதாம். குடுத்தா அவன்ட கையிலயே வெடிக்குமாம்."

வாயைத் திறந்தேன். கத்த வேண்டிய இடம் அதுதான். ஆனால் சத்தம் வரவில்லை. கால் மட்டும், பாலாவிச் சந்திப் புழுதியில், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. ஒன்றும் நிற்கவில்லை. லொறிகள் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

டின் றியாஸிடம் இருக்கிறது. இப்போது அவன்தான் கதை நடத்துகிறான், தன் வீட்டு விறாந்தையில். நானும் போகிறேன். போகாமல் இருந்து பார்த்தேன், வெள்ளிக்கிழமை நீளமாக இருக்கிறது. நெருப்புச் சட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். நான் போட்ட சட்டங்களில் ஊர் பின்பற்றுகிறது அது ஒன்றுதான். கட்டாரிலிருந்து குழுவுக்கு நானாவின் குரல் வரும், எல்லாரும் சுகமா என்று. மற்ற இரண்டு பேரும் பதில் போடுவார்கள். நான் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எனக்கென்று தனியாக ஒன்று வரட்டும், போடுகிறேன்.

அவருடைய மட்டம் இன்னும் என் காரில்தான். டைல் பசை, டாஷ்போர்டை உடைக்காமல் அதைக் கழற்ற ஏலாது. பழக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். பயத்தை அளக்கிற மெசின் என்பேன், நம்புகிறார்கள். அவர்கள் பயந்து பயந்து வண்டியை எடுக்க, நான் என் பக்கத்து ஆசனத்தில் இருந்து குமிழியைப் பார்ப்பேன். ஓட்டுகிறவர் ஒல்லியோ தடிப்போ, வீதி நேரோ வளைவோ, என் பாரத்துக்கு வண்டி என் பக்கமாகப் பதிகிறது. குமிழி மற்றப் பக்கம் ஏறிப் போகிறது.